லூர்துக்குப் பின்னால் நம்பர் இல்லாமல் ஓடிய காலை

இங்கே சிங்கப்பூரில், ஒவ்வொரு காலையும் ஏழெட்டுப் பேர் தங்கள் பெயரை என்னிடம் கொடுத்துவிட்டு இருட்டுக்குள் இறங்குகிறார்கள். பெயர் என்றால் ஒரு பிளாஸ்டிக் வில்லை. போட்டோவும் பெர்மிட் நம்பரும் ஒட்டியது, உள்ளங்கை அளவு இருக்கும். பழுது பார்க்க வந்த கப்பலின் அடித்தொட்டிகளுக்குள் துரு சுரண்டவும் தகடு வெட்டவும் போகிறவர்கள், வாசலில் நான் வைத்திருக்கும் பலகையின் ஆணியில் அதை மாட்டிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். வெளியே வந்ததும் எடுத்துக்கொள்வார்கள். ஆணியில் வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். என் வேலைக்கு ஹோல் வாட்ச் என்று பெயர். துவாரத்தில் வாய் வைத்து அவ்வப்போது கூப்பிடுவேன். உள்ளே இருக்கிறவன் சுத்தியலால் இரும்பில் ஒரு தட்டுத் தட்டினால் நன்றாக இருக்கிறான். தட்டு வரவில்லை என்றால் நான் சைரனை அழுத்த வேண்டும். கயிறு கட்டியிருந்தால் இழுக்க வேண்டும். என்ன ஆனாலும் நான் உள்ளே போகக் கூடாது. காப்பாற்றப் போகிறவன்தான் இரண்டாவதாகச் சாகிறான் என்று முதல் நாளே படம் போட்டுக் காட்டிச் சொன்னார்கள். அதனால் என் வில்லை மட்டும் ஒருநாளும் அந்தப் பலகையில் தொங்கியதில்லை. வெளியே நின்று பயப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்தப் பயம் முகத்திலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. புதிதாக வந்த சீன சூப்பர்வைசர் ஒருநாள் என்னை உற்றுப் பார்த்து, "யூ சிக் ஆ?" என்று கேட்டார். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன், கூச்சக்காரன். யாராவது ஆங்கிலத்தில் கேட்டால் "யெஸ் பாஸ்" என்று சொல்லிவிடுவேன். கிளினிக்குக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் கேட்டதற்கெல்லாம் யெஸ் சொன்னேன். மாத்திரை கொடுத்து, வேலைக்குப் போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். ஒரு நோயும் இல்லாமல் டார்மிட்டரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, இன்று என் தொட்டி வாசலில் யார் நிற்கிறார்கள், ஒழுங்காகக் கூப்பிடுகிறார்களா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் இப்படி யாரும் யாருக்கும் நின்றதில்லை. இங்கே வருவதற்கு முன் திருவொற்றியூர் பக்கம் எண்ணெய்த் தொட்டி கழுவும் கூலி வேலைக்குப் போயிருக்கிறேன். இடுப்பில் ஒரு துணி, மூக்கில் ஒரு துணி, இறங்கு என்பார்கள். மேலே நிற்கவேண்டியவன் டீ குடிக்கப் போயிருப்பான். உள்ளே நூறு வரை எண்ணிக்கொண்டே வேலை செய்வேன். எண் மறந்துபோனால் மேலே ஏறிவிட வேண்டும் என்று நானாக வைத்துக்கொண்ட சட்டம் அது. இப்போது என் பலகையைப் பார்க்கும்போதெல்லாம், அந்த நாட்களில் என் பெயர் எந்த ஆணியிலும் தொங்கவில்லையே என்ற பயம் காலம் கடந்து வருகிறது.

போன தை மாதம் விடுப்பில் ராயபுரம் போனேன். லூர்து விமான நிலையத்துக்கு வந்திருந்தான். ராயபுரத்தில் கார்ப்பரேஷன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் இடையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவனுடைய அண்ணன் வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை பார்த்து நுரையீரல் கெட்டுப்போனவர். கடைசிக் காலத்தில் வீட்டில் ஆக்சிஜன் மிஷின் வைத்துத்தான் மூச்சு விட்டார். அவர் போன பிறகு அந்த மிஷினைப் பக்கத்துத் தெருவில் மூச்சுக்குத் தவித்த ஒருவருக்குக் கொடுத்தான். அது பரவி, பலரும் பழைய மிஷின்களைக் கொண்டுவந்து அவனிடம் தந்தார்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை எந்த வீட்டுக்கு வேண்டுமோ ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் வைத்துவிட்டு வருவான். ஆனால் கரண்ட் போனால் மிஷின் நின்றுவிடும். அந்த நேரத்துக்கு வீட்டுக்கு ஒரு சிலிண்டர் வேண்டும். அதற்காகத்தான் அவன் மாரத்தான் ஓடப்போவதாகச் சொன்னான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நாற்பத்தெட்டு வயதில்.

ஆட்டோவில் போகும்போது கேட்டான்.

"இன்னா மாமு, அங்க இன்னாதான்டா வேலை உனுக்கு?"

"தொட்டி வாசல்ல நிக்கிறதுடா. உள்ள போனவன் உசுரோட கீறானான்னு கேட்டுகினே இருக்கணும்."

"சும்மா நிக்கிறதுக்கா பிளேன்ல இட்டுகினு போனானுங்க? நம்ம பஸ் ஸ்டாண்டாண்ட அத்தினி பேரு சும்மா நின்னுகினு கீறானுங்க. ஒருத்தனுக்கும் விசா குடுக்கலியே!"

சிரித்தான். பிறகு மின்ட் பக்கம் சிக்னலில் வண்டியை நிறுத்தியபோது திரும்பாமலே சொன்னான். "அப்டின்னா எனுக்கும் ஒரு நாள் நில்லு."

முந்தின வாரம் ஆட்டோ ஸ்டாண்டில் ஹாண்டில் மேல் தலை கவிழ்ந்து அப்படியே நினைவு தப்பியிருக்கிறான். மற்ற டிரைவர்கள் தூங்குகிறான் என்று விட்டுவிட்டார்கள். டாக்டர் நெஞ்சில் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார். ஓட்டம் முடியட்டும் என்று இவன் தள்ளிப்போட்டிருக்கிறான். வீட்டில் சொல்லவில்லை. 

"ஓடாதடா லூர்து."

"ஓடலன்னா சிலிண்டரு எவன் குடுப்பான்? எஸ்தர் அக்கா ஏலத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாங்க. முழுசா ஓடி முடிச்சு காசிமேட்டாண்ட வந்து நின்னா, போட்டுக்காரங்ககிட்ட வசூல் பண்ணி வூட்டுக்கு ஒரு சிலிண்டர். நடுவுல வுட்டா ஒண்ணியும் கெடையாது."

எஸ்தர் அக்கா காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். நல்ல காரியம் என்று சொல்லிக் கை நீட்டியவர்கள் பலரை அவர் பார்த்திருக்கிறார். அதனால்தான் இந்த நிபந்தனை.

ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும் நாள் முடிந்துவிட்டது. நம்பர் இல்லாமல் ஓடுகிறவர்களை வெளியேற்றுவார்கள் என்றும், நம்பர் உள்ளவன் வெளியாளின் உதவியைப் பெற்றால் அவன் நம்பரும் ரத்து என்றும் அவனுக்கு வந்த குறிப்பில் இருந்தது. ஆகவே நான் உதவுகிறவனாகத் தெரியக் கூடாது. காசிமேட்டில் தொடங்கி கத்திவாக்கம் வரை போய்த் திரும்பி, மறுபடியும் அதே வழி. முதல் சுற்றை அவன் தனியாக ஓடுவான். இரண்டாவது சுற்றில் நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் ஓட வேண்டும். ஒவ்வொரு மெட்ரோ ஸ்டேஷனைத் தாண்டும்போதும் அவன் இடது கையைத் தூக்குவான். விம்கோ நகரோடு மெட்ரோ முடிந்துவிடுவதால், பிறகு எர்ணாவூர் மேம்பாலத்தின் உச்சியில் ஒரு தடவை. கை எழுந்தால் நன்றாக இருக்கிறான். எழாவிட்டால் என்ன செய்வது என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எனக்கு ஓடுவது புதிதில்லை. டார்மிட்டரி பக்கத்துக் கால்வாய்க் கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுவேன். ஓடுகிறவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்பதுதான் காரணம். ஆனால் அங்கே ஓடும்போது சட்டைப் பையில் சிங்கப்பூர் அரசு கொடுத்த வேலை பெர்மிட் அட்டை இருக்கும். அது இல்லாமல் அறையை விட்டு வெளியே வந்ததில்லை. ராயபுரத்திலும் அன்று காலை பழக்கத்தில் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.

காசிமேட்டில் ஐஸ் பெட்டி ஏற்றிய ஆட்டோக்களைப் போலீஸ் மறித்து வைத்திருந்தது. "மீனு நாறிப்போவுது, இவனுங்க இன்னாடான்னா ஜட்டியோட ஓடிகினு கீறானுங்க" என்று ஒரு அம்மா கத்திக்கொண்டிருந்தார். லூர்து முதல் சுற்றை முடித்து வந்தான். மார்பில் நம்பர் குத்தியிருந்தது, சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்காதவன் போலப் போனான். நான் வெற்று மார்போடு நிற்கிறவனைப் போல உணர்ந்தேன். எல்லோர் மார்பிலும் ஒரு நம்பர், என் சட்டையில் மட்டும் ஒன்றுமில்லை. தலையைக் குனிந்துகொண்டு சாலையில் இறங்கினேன்.

டோல்கேட் ஸ்டேஷன் படிக்கட்டைத் தாண்டும்போது கை எழுந்தது. காலடிப்பேட்டையில் எழுந்தது. நான் ஊரை விட்டுப் போனபோது இந்தத் தூண்களுக்குக் குழிதான் தோண்டியிருந்தார்கள். இப்போது தலைக்கு மேல் ரயில் போகிறது, சாலை முழுக்க நிழல். தெரிந்த சாலைதான், ஆனால் எந்தக் கடை எங்கே என்று தேட நேரமில்லை. கண்ணை அவன் முதுகிலிருந்து எடுத்தால் அவன் விழுந்துவிடுவான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

தேரடியில் என்னைப் பிடித்தார்கள். தண்ணீர் கொடுக்கும் கூடாரத்திலிருந்து, ஓட்டக் குழுவின் சீருடைச் சட்டையும் வெயில் தொப்பியும் போட்ட, முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் குறுக்கே வந்து நின்றார். "எக்ஸ்கியூஸ் மீ சார், வேர் இஸ் யுவர் நம்பர்?" நான் விழித்தேன். உடனே, "ஆப்கா நம்பர் கிதர் ஹை?" என்றார். நான் பிறந்த ஊரில், நான் திருவிழா பார்த்த தேரடியில், ஒருவர் என்னை எங்கிருந்தோ வந்தவன் என்று நினைக்கிறார். தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சீருடை போட்ட யாராவது நிறுத்தினால் என் கை என்னைக் கேட்காமலே செய்கிற காரியம் ஒன்று இருக்கிறது. சட்டைப் பையிலிருந்து பெர்மிட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓ, ஃப்ரம் சிங்கப்பூர்! யூ லாஸ்ட் யுவர் நம்பர்?"

"யெஸ் மேடம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நீளமாக ஏதோ சொன்னார். அதில் 'ஃபினிஷ்' என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அட்டையைத் திருப்பித் தராமல் கூடாரத்துக் கயிற்றில் ஒரு கிளிப்பால் மாட்டிவிட்டு, போங்கள் என்று வடக்கே கை காட்டினார். நானும் போய்விட்டேன். வில்லையை மாட்டிவிட்டு உள்ளே இறங்குவதைத்தானே தினமும் பார்க்கிறேன். நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது. அது என் அட்டை. அது இல்லாமல் நான் திரும்பிப் போக முடியாது. நின்று கேட்கலாம் என்று திரும்பினேன். அதற்குள் லூர்துவின் முதுகு தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டிருந்தது. ஓடினேன்.

விம்கோ நகரில் அவனை மறுபடி பிடித்தேன். கை எழுந்தது, தோள் வரைதான். ஒரு கணம் நின்று தொங்கிவிட்டது. தொட்டிக்குள்ளிருந்து இப்படிச் சந்தேகமாக ஒரு தட்டு வந்தால் அதைத் தட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது சட்டம். நான் எடுத்துக்கொண்டேன். சிலிண்டருக்குக் காத்திருக்கும் வீடுகளை நினைத்துத்தான். வடக்கிலிருந்து காற்று வீசியது. கண் எரியும் ஆலை வாடை வந்தது. எண்ணூர்ப் பக்கம் வளர்ந்தவர்கள் யாரும் அதை முகர்ந்து முகம் சுளிப்பதில்லை. எனக்கு இப்போது அந்த வாடை தெரிந்தது. இத்தனை வருடம் சுத்தக் காற்றா என்று மானி வைத்துப் பார்த்துப் பழகியவனுக்கு, ஊரே மூடி திறந்த தொட்டி போலிருந்தது. அதற்குள் லூர்து ஏறிக்கொண்டிருந்தான்.

மேம்பாலத்தின் உச்சியில் கை எழவில்லை.

நான் சாலையில் யாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டவன் இல்லை. அன்று என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "லூர்தூ! கையத் தூக்குடா!" அவன் திரும்பவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முகம் சாம்பல் பூசியது போலிருந்தது. உதடு நிறம் மாறியிருந்தது.

"பின்னால போடா... பாத்துருவாங்க."

"கையத் தூக்கு. தூக்கினேன்னா போயிடறேன்."

முயன்றான். இடுப்பைத் தாண்டவில்லை. நான் அவன் சட்டையை முதுகுப் பக்கம் இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துப் பின்னால் சாய்ந்தேன்.

"வுடுடா கம்னாட்டி! பாத்துகினு நிக்கத்தானே சொன்னேன். புடிச்சி நிறுத்தவா சொன்னேன்?"

"அதான்டா என் வேலையே."

என் நெஞ்சில் குத்தினான். அந்தக் குத்தில் பலம் இல்லை. அதுதான் என்னை எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயமுறுத்தியது. பாலத்தின் ஓரக் கட்டையில் சரிந்து உட்கார்ந்தான். "அத்தினி வூடுடா, மலை... அத்தினி வூடு" என்று மூச்சுக்கு நடுவில் சொன்னான். என் பெயர் ஏழுமலை. சின்ன வயதில் அவன் அப்படித்தான் கூப்பிடுவான். ஓடி வந்த ஒருவர் போன் செய்ய, ஆம்புலன்ஸ் வண்டி வந்தது. விரலில் ஒரு கிளிப் மாட்டிப் பார்த்த ஆம்புலன்ஸ்காரர், உடனே அவனைப் படுக்க வைத்தார். நானும் ஏறப்போனேன். லூர்து என் கையைத் தள்ளினான்.

"நீ காசிமேட்டாண்ட போ. நான் நின்னுட்டேன்னு நீயே போய் சொல்லு. வேற எவனாச்சும் சொன்னா குடிச்சிட்டு வுழுந்துட்டான்னுவானுங்க."

கதவு மூடிக்கொண்டது. அவன் மகன் எண்ணை ஆம்புலன்ஸ் டிரைவரிடம் சொல்லிவிட்டு நின்றேன். நேராகத் திரும்பிக் காசிமேட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எதிர்த்திசையில் நடந்தால் வருகிறவர்களெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். எல்லோரோடும் ஒரே பக்கமாக ஓடினால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அந்தக் கூச்சத்தில்தான் நான் கத்திவாக்கம் வரை போனேன். மற்றவர்கள் பின்னால் இதற்குப் பெரிய காரணமெல்லாம் சொன்னார்கள். அங்கே திரும்பி, தெற்கே பார்த்து ஓடும்போது, எனக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை என்பது தெரிந்தது. அவன் இந்நேரம் கண் திறந்திருக்கிறானா இல்லையா என்பதும் தெரியாது. திருவொற்றியூர்த் தொட்டிகளில் செய்தது போல நூறு வரை எண்ணினேன். எண் மறந்துபோனது. ஏறி வெளியே வர அங்கே ஏணி இல்லை.

தேரடிக்கு வந்தபோது கூடாரம் இல்லை. மேஜை இல்லை. கிளிப் மாட்டிய கயிறும் இல்லை. நசுங்கிய காகிதக் கோப்பைகளும், வாழைப்பழத் தோல் தின்னும் ஒரு மாடும் இருந்தன. சாலையைத் திறந்துவிட்டார்கள், கன்டெய்னர் லாரிகள் வர ஆரம்பித்திருந்தன. தூணில் கை வைத்து நின்றேன். நண்பனும் போய், அட்டையும் போய்விட்டதா? அழக்கூட வெட்கமாக இருந்ததால் மறுபடி ஓடினேன். பாதி தூரம் நடை.

காசிமேட்டில் ஓட்டம் முடியும் இடத்து வளைவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் கீழே வெயில் தொப்பிக்காரப் பெண் நின்றிருந்தார். கையில் என் அட்டை.

"சார்! வேர் வேர் யூ?"

"மன்னிச்சிடுங்க மேடம். நான் இந்த ஊருதான். ராயபுரம். எனக்கு நம்பரே கிடையாது."

"தமிழா நீங்க? காலையில அப்படி முழிச்சீங்களே சார்! ஓடி முடிச்சதும் இங்க வந்து அட்டையை வாங்கிக்கோங்கன்னு அவ்வளவு சொன்னேனே!" கோபத்தில் தொடங்கிய குரல் நடுவில் உடைந்தது. "எங்க வண்டி எப்பவோ போயாச்சு. பாலத்துல ஒருத்தர் விழுந்துட்டார்னு சொன்னாங்க, நீங்கதானோன்னு நினைச்சேன். எல்லாரும் வந்துட்டாங்க, இது மட்டும் என் கையிலேயே இருக்கு. இதை வச்சுக்கிட்டு நான் எப்படிங்க கிளம்பிப் போறது?"

 வருடக்கணக்காக நான் செய்கிற வேலையை, அதன் பெயர்கூடத் தெரியாமல், ஒருவர் எனக்குச் செய்துவிட்டு நிற்கிறார். அட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

எஸ்தர் அக்கா ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். சுற்றிப் படகுக்காரர்கள். லூர்து நின்றுவிட்டதையும், நான் பிடித்து நிறுத்தியதையும் அப்படியே சொன்னேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டான் என்று அவன் மகன் அவரிடம் ஏற்கெனவே போனில் சொல்லியிருந்தான். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உட்கார வேண்டும் என்று தோன்றியது.

"அப்ப முடிக்கல. சொன்ன சொல்லு இன்னாக்கா? முழுசா ஓடினாத்தானே?" என்றார் ஒரு படகுக்காரர்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஏன் நைனா, நடுக்கடல்ல உன் போட்டு இஞ்சின் நின்னு, இன்னொருத்தன் கயிறு கட்டி இழுத்துகினு வந்தானே. அன்னிக்கி உன் மீன நான் ஏலம் வுட்டேனா இல்லியா?"

"வுட்டீங்க."

"இழுத்துகினு வந்த மீனு, வேணான்னு சொன்னேனா?"

 அக்கா என் பக்கம் திரும்பினார். "இன்னாடா ஏழுமல, மீதிய நீ ஓடிகினு வந்தியா, நடந்துகினு வந்தியா?"

"ரெண்டும்தாங்க்கா."

"பொய் சொல்லத் தெர்ல பாரு இதுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிலிண்டர்கள் அந்த மாதக் கடைசிக்குள் வந்து சேர்ந்தன.

லூர்துவுக்கு நெஞ்சில் அடைப்பு இருந்ததாகச் சொல்லி, கம்பி வைத்து அனுப்பினார்கள். இனி ஓடக் கூடாது. ஆட்டோ ஓட்டலாம். பிடித்து நிறுத்தியதற்காகக் கொஞ்ச நாள் என் மேல் கோபமாக இருந்தான். நான் கிளம்பும் நாளில் விமான நிலையத்துக்கு ஏற்றிப்போக வந்தவன், என் சாவிக் கொத்தைப் பிடுங்கினான். அதில் கப்பல் யார்டில் தேதி முடிந்து மாற்றிய என் பழைய வில்லையைக் கோத்து வைத்திருந்தேன். அதைக் கழற்றி, ஆட்டோக் கண்ணாடியில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் மாட்டினான்.

"இன்னாடா இது?"

"உள்ள போனவன் வெளிய வர்ற வரைக்கும் தொங்கணும்னு நீதானே சொன்ன? நீயே வந்து எடுத்துக்கோ."

இப்போது தொட்டி வாசலில் பலகையோடு நிற்கும்போது, என் ஆணி காலியாக இருப்பதைப் பார்க்கிறேன். இங்கே எல்லோருக்கும் நான் வெளியே நிற்கிறவன். ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில், மெட்ரோ தூண்களின் நிழலில், ஒரு கண்ணாடியில் என் வில்லை குலுங்கிக்கொண்டு போகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் லூர்து போனில் குரல் அனுப்புகிறான். ஒரே கேள்விதான். "மலை, உசுரோட கீறியா?"  கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டி, அந்தச் சத்தத்தை அனுப்புகிறேன்.